கார்துங் லாவை சைக்கிளில் கடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லடாக்கின் லே நகரிலிருந்து நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகிற தார்ச்சாலை, கார்துங் லா என்கிற கணவாயில் லடாக் மலைத்தொடரைத் தாண்டுகிறது. இரண்டு முறை அந்தச் சாலையில் சைக்கிளில் ஏறியிருக்கிறேன். முதல் முறை உச்சிக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு, போக நினைக்கிறவர்கள் என்னிடம் மறுபடி மறுபடி கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பனி இருக்கிற இடத்தைப் பாலைவனம் என்று ஏன் சொல்கிறார்கள்?

பாலைவனம் என்பது வெயிலை வைத்துச் சொல்வதில்லை, மழையை வைத்துச் சொல்வது. லேயில் ஒரு வருடத்தில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையில் ஐப்பசியில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தையெல்லாம் இமயமலையின் தெற்குச் சரிவுகளே வாங்கிக்கொள்கின்றன. மலைக்குப் பின்னால் இருக்கிற லடாக்குக்கு வறண்ட காற்றுதான் வந்து சேர்கிறது. அதனால் சாலையின் இரு பக்கமும் புல்கூட இல்லாத பழுப்பு மலை. பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோன இடங்களில் மட்டும் பாப்லர் மரமும் பார்லி வயலும் பச்சையாகத் தெரியும். லேயை விட்டு ஏறினால் கங்லெஸ் கிராமத்தோடு அந்தப் பச்சையும் முடிந்துவிடும். அதற்கு மேல் நிழல் கிடையாது.

உயரம் எவ்வளவு? பழைய பலகையில் 18,380 அடி என்று இருக்கிறதே?

உச்சியில் பல காலம் நின்ற மஞ்சள் பலகையில் 18,380 அடி என்றுதான் எழுதியிருந்தது. ஜிபிஎஸ் கருவிகளால் அளந்தால் 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,582 அடி வருகிறது. 'உலகிலேயே உயரமான வாகனச் சாலை' என்ற பெயரும் இப்போது பொருந்தாது. அதே லடாக்கில் 5,798 மீட்டரில் இருக்கும் உம்லிங் லா சாலைக்கு 2021இல் கின்னஸ் சான்றிதழ் கிடைத்துவிட்டது. என்னைக் கேட்டால் இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. ஏறிக்கொண்டிருக்கிற ஆளுக்கு 5,359 மீட்டரே அளவுக்கு மீறிய உயரம்.

பெயரைப் பற்றி ஒன்று: லடாக்கி மொழியில் 'லா' என்றாலே கணவாய்தான். 'கார்துங் லா கணவாய்' என்று சொன்னால் 'நடுசென்டர்' என்பது போல ஆகிவிடும். மறுபக்கம் இருக்கும் கார்துங் கிராமத்தின் பெயர்தான் கணவாய்க்கும்.

ஏற்றம் ரொம்பச் செங்குத்தா?

இல்லை. இதைக் கேட்டுப் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். லே சுமார் 3,500 மீட்டர். உச்சி வரை 40 கிலோமீட்டர் தூரம், ஏறும் உயரம் 1,850 மீட்டர் சொச்சம். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டருக்கும் குறைவான ஏற்றம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளை மிதித்து ஏறியவருக்கு இந்தச் சரிவு சாதாரணமாகத்தான் தெரியும். சாலை மலையின் மேனியில் நீளநீளமாக வளைந்து, ஒரே சீராக ஏறிக்கொண்டு போகிறது. முதல் 24 கிலோமீட்டரில் சவுத் புல்லு என்கிற சோதனைச் சாவடி, உயரம் 4,650 மீட்டர் அளவில். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

ஆனால் அந்தக் கடைசிப் 15 கிலோமீட்டர் வேறு உலகம். அதே சரிவில், அதே கியரில், அதே ஆள் பாதி வேகத்தில் போவார்.

அப்படியென்றால் கஷ்டம் எங்கே இருக்கிறது?

காற்றில். மேலே போனால் ஆக்சிஜன் 'சதவீதம்' குறையும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சதவீதம் எங்கேயும் ஏறக்குறைய 21தான். குறைவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தம்தான் லேயில். கார்துங் லாவில் பாதியைவிடச் சற்று கூடுதல், அவ்வளவுதான். நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜன் ஏறக்குறைய பாதி. நன்றாகப் பழகிய உடம்புக்கே அங்கே உழைக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பழகாத உடம்புக்கு இன்னும் மோசம்.

சரியான பதில் இதுதான்: கார்துங் லாவை ஏறுவது கால் இல்லை, லேயில் சும்மா இருந்த நாட்கள். நல்ல பயிற்சியோடு வந்து மூன்றாம் நாளே கிளம்பிய இளைஞர்கள் சவுத் புல்லுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பத்து நாள் லேயில் தங்கிவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டியவர் ஒருவர் அவர்களைக் கடந்து நிதானமாக மேலே போனதையும் பார்த்தேன்.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? அந்த நாட்களில் என்ன செய்வது?

விமானத்தில் வந்தால் எட்டு, ஒன்பது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியிலிருந்து ஒன்றே கால் மணி நேரத்தில் 3,250 மீட்டருக்கு மேல் இறக்கிவிடுகிறார்கள். உடம்புக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

முதல் இரண்டு நாள் ஒன்றுமே செய்யாதீர்கள். நிஜமாகவே ஒன்றும். சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டுவதுகூட இரண்டாம் நாள் மாலைக்கு இருக்கட்டும். மூன்றாம் நாள் சிந்து நதிப் பக்கமாக ஷே, திக்சே வரை போய் வரலாம். போக வர 40 கிலோமீட்டர் இருக்கும். போகும்போது இறக்கம், திரும்பும்போது லேக்கு மெதுவான ஏற்றம். அப்புறம் ஒரு நாள் ஓய்வு. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கார்துங் லா சாலையிலேயே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறித் திரும்புங்கள். இன்னொரு நாள் சவுத் புல்லு வரை போய், தேநீர் குடித்துவிட்டுக் கீழே வந்து லேயிலேயே தூங்குங்கள். பகலில் மேலே போய் இரவில் தாழ்வாகத் தூங்குவதுதான் உடம்பைப் பழக்கும் வழி. அன்று இரவு தலைவலி இல்லை, பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது என்றால் ஒரு நாள் விட்டு உச்சிக்குக் கிளம்பலாம்.

முதல் முறை நான் நான்காம் நாளே கிளம்பினேன். விடுமுறை குறைவு, பயிற்சி நிறைய, அந்தத் தைரியம். சவுத் புல்லு தாண்டி ஆறாவது கிலோமீட்டரில் வாந்தி எடுத்தேன். தலைக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல வலி. இன்னும் ஒன்பது கிலோமீட்டர்தானே என்று மனசு சொன்னது. கூட வந்த நண்பர் என் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பிவிட்டார். சவுத் புல்லுவுக்கு இறங்கியதுமே பாதி வலி போனது, லேக்கு வந்ததும் மீதியும் போனது. அடுத்த வருடம் ஒன்பதாம் நாள் ஏறினேன். அதே கால், அதே சைக்கிள். மேலே போய்ச் சேர எட்டு மணி நேரம் ஆனது, தலைவலி இல்லை.

மணாலியிலிருந்தோ ஸ்ரீநகரிலிருந்தோ சைக்கிளிலேயே வந்தால் பழகிவிடுமா?

பழகும். உடம்புக்கு நல்லது ஸ்ரீநகர் வழி. சோஜி லா சுமார் 3,500 மீட்டர், கார்கில் 2,700 மீட்டருக்கும் கீழே, அந்தச் சாலையின் மிக உயரமான ஃபோது லா 4,108 மீட்டர். ஏறி ஏறி இறங்குவதால் ஒவ்வொரு இரவும் தாழ்வான ஊரில் தூங்க முடிகிறது. மணாலி வழி அழகு, ஆனால் கடுமை. பாரலாச்சா லா தாண்டியதும் சர்ச்சு, பாங் என்று 4,200 மீட்டருக்கு மேல் கூடாரத்தில் தூங்க வேண்டியிருக்கிறது. தங்லங் லா 5,300 மீட்டரையும் தாண்டியது. அதைக் கடந்து லேக்கு வந்து இரண்டு நாள் ஓய்வெடுத்தவருக்குக் கார்துங் லா பயப்பட வேண்டிய ஏற்றமே இல்லை.

உயர நோய் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

தலைவலிதான் முதல் அடையாளம். அதோடு குமட்டல், தலைச்சுற்றல், சாப்பாட்டில் வெறுப்பு, காரணமில்லாத சோர்வு என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேற்று தண்ணீர் குறைவாகக் குடித்தேன், வெயில் பட்டுவிட்டது என்று காரணம் தேட வேண்டாம். அந்த நிலையில் மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் கீழே இறங்க வேண்டும்.

ஆபத்தானவை இரண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல், நெஞ்சில் கொர்கொர் சத்தம் என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது. நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, நேர்கோட்டில் நாலடி வைக்க முடியாமல் போவது என்றால் மூளை வீங்குகிறது. இரண்டிலும் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்க நேரம் கிடையாது. உடனே வண்டி பிடித்து இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்கு வந்தால் உங்களுக்கே தெரியாமல் போகலாம், அதனால் தனியாக ஏறாதீர்கள். கூட வருகிறவர் 'திரும்பு' என்று சொன்னால் வாதாடாமல் திரும்புவது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் திடீரென்று மூச்சு நின்று, பிறகு பெரிதாக இழுத்துக்கொண்டு விழிப்பு வருவது இந்த உயரத்தில் பலருக்கும் நடப்பதுதான். அதற்கு மட்டும் பயப்பட வேண்டாம்.

டயமாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா?

மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், ஊரிலேயே கேளுங்கள். அசிட்டசோலமைடு என்கிற மருந்தின் வணிகப் பெயர்தான் டயமாக்ஸ். அது மூச்சை வேகப்படுத்தி, உடம்பு உயரத்துக்குப் பழகுவதைக் கொஞ்சம் முன்னதாக நடத்தித் தருகிறது. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும், சோடா குடித்தால் சுவையே மாறித் தெரியும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே போய்ப் பாருங்கள். மாத்திரை போட்டிருக்கிறேன் என்பதற்காகக் காத்திருக்கும் நாட்களைக் குறைக்கக் கூடாது. வலி மாத்திரையால் தலைவலியை அடக்கிக்கொண்டு மேலே ஏறுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டு மலைகளில் பயிற்சி எடுத்தால் போதுமா?

காலுக்கும் பொறுமைக்கும் போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒரே மூச்சில் இரண்டு தடவை ஏறிப் பாருங்கள். ஆறு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்தே சீராக மிதிக்கப் பழகுங்கள். உயரத்துக்குப் பழக நம் பக்கத்தில் இடமே கிடையாது. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடி 2,695 மீட்டர். லே விமான நிலையமே அவற்றைவிட 500 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது.

எந்த சைக்கிள், என்ன கியர்?

சாலை சைக்கிளில் ஏறியவர்கள் இருக்கிறார்கள். தார் நன்றாக இருக்கும் வருடங்களில் அது முடிகிற காரியமே. ஆனால் உச்சியை ஒட்டிய பகுதியின் நிலைமையை நம்ப முடியாது. பகலில் உருகும் பனித்தண்ணீர் தார் விரிசலுக்குள் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, சாலையை உள்ளிருந்தே உடைக்கிறது. எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர்கள் கோடை முழுக்க அதைச் சரிசெய்துகொண்டே இருக்கிறார்கள். அந்த உயரத்தில் நாள் முழுக்கக் கல் சுமக்கிறவர்களைக் கடந்துபோகும்போது நின்று ஒரு 'ஜூலே' சொல்லிவிட்டுப் போங்கள். லடாக்கில் வணக்கமும் நன்றியும் அந்த ஒரு சொல்தான். சரி, சைக்கிளுக்கு வருவோம்: 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், டிஸ்க் பிரேக் இருந்தால் நிம்மதி.

கியர் விஷயத்தில் கணக்கு பார்த்தே முடிவெடுங்கள். மேலே உங்கள் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் இருக்கும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று வைத்தால் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 48 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் கனமாக விழும், மூச்சு எகிறும். முன்னால் 26, பின்னால் 36 என்றால் அதே வேகத்துக்கு 66 சுற்று. லேசாகச் சுற்றிக்கொண்டே போகலாம். வெட்கப்படாமல் இருப்பதிலேயே சின்னக் கியரைப் பூட்டுங்கள்.

உயரத்தில் டயர் வெடிக்குமா?

வெடிக்காது. வெளிக்காற்றின் அழுத்தம் குறையும் அளவுக்குத்தான் டயரின் அழுத்தம் கூடித் தெரியும். கடல்மட்டத்தில் அடித்த காற்றோடு அப்படியே உச்சிக்குப் போனாலும் 7 பிஎஸ்ஐ அளவுதான் வித்தியாசம். லேயில் அடித்தால் 2 பிஎஸ்ஐ. சிப்ஸ் பாக்கெட்டுகள் தலையணை மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

எந்த மாதம், எத்தனை மணிக்குக் கிளம்புவது?

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை. எந்த மாதத்திலும் மேலே பனி பெய்யலாம். லேயில் டி-ஷர்ட் போதும் என்கிற ஜூலை நாளில் உச்சியில் கை விறைக்கும். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். அதற்கு மூன்று காரணம் உண்டு. மதியத்துக்கு மேல் காற்று பலமாகிவிடும். பனி உருகி சாலையின் குறுக்கே ஓடும் தண்ணீர் பிற்பகலில் பெருகும், காலையில் அது சின்ன ஓடை. சுற்றுலா வண்டிகளும் காலை எட்டு மணிக்கு மேல்தான் வரிசை கட்டும். சியாச்சின் பக்கத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் ராணுவ லாரிகளுக்கும் இதுதான் பாதை. வரிசையாக வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி, இறங்கி நின்றுவிடுங்கள். புகை அடங்கின பிறகு ஏறலாம்.

தண்ணீர், சாப்பாடு?

கங்லெஸ் தாண்டினால் சவுத் புல்லு வரை கடை கிடையாது. மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சட்டை நனைவதை வைத்துத்தான் வியர்வையின் அளவு நமக்குத் தெரியும். அங்கே வியர்வை வந்த உடனே காய்ந்துவிடுகிறது. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஏறினேன், முதுகுப் பையைக் கழற்றினால் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. தாகம் எடுக்காவிட்டாலும் கால் மணிக்கு ஒரு முறை இரண்டு மடக்கு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்.

பசி செத்துப்போகும். அதனால் விருப்பமில்லாமலேயே உள்ளே போகக்கூடிய இனிப்பைக் கொண்டுபோங்கள். லே சந்தையில் விற்கிற உலர்ந்த சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட் பழம்) அருமை. ஊரிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துப் போனேன். அந்த வறண்ட காற்றில் கடைசி நாள் வரை நமத்துப்போகவே இல்லை. சவுத் புல்லுவிலும் உச்சியிலும் தேநீரும் நூடுல்ஸும் கிடைக்கும். உச்சியில் தண்ணீர் 83 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் தேநீர் நாக்கைச் சுடாது. அந்த நேரத்தில் அது அமிர்தம்.

வெயிலைக் குறைவாக எடை போடாதீர்கள். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. காது மடல், மூக்கின் அடிப்பக்கம், உதடு வரை கிரீம் தடவ வேண்டும்.

அனுமதிச் சீட்டு, தொலைபேசி?

நுப்ரா பக்கம் போகிற சுற்றுலாப் பயணிகளின் தாள்களை சவுத் புல்லுவில் பார்ப்பார்கள். விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் லேயில் இறங்கியதும் கேட்டு வாங்கிவிடுங்கள், அடையாள அட்டையின் நகல் ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். சாலையில் பல இடங்களில் அதுவும் கிடைக்காது.

ஜீப்பில் மேலே போய் சைக்கிளில் இறங்கும் திட்டம் விற்கிறார்களே, அது எப்படி?

முழங்கால் வலி இருப்பவருக்கும் நேரம் இல்லாதவருக்கும் நல்ல அனுபவம். ஆனாலும் உச்சியில் நிற்கும் உயரம் அதே 5,359 மீட்டர்தான், ஆகவே லேயில் நாலைந்து நாளாவது தங்கிவிட்டுப் போங்கள். வாடகை சைக்கிளின் பிரேக் கட்டையை நீங்களே பாருங்கள். எனக்கு ஒரு கடையில் கொடுத்த சைக்கிளில் பின்பக்கக் கட்டை இரும்பு தெரியும் வரை தேய்ந்திருந்தது. கிளம்பும் முன் பார்த்ததால் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஏறி வந்தவர்களுக்கும் இறக்கம்தான் அபாயமான பகுதி. எட்டு மணி நேரம் உழைத்த உடம்பு, காய்ந்த வியர்வை, நாற்பது கிலோமீட்டர் குளிர்காற்று. உச்சியில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராமல், இறங்கும் முன்பே காற்று புகாத சட்டை, தடித்த கையுறை, காது மூடும் தொப்பி எல்லாம் போட்டுவிடுங்கள். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்கிற விரலே உங்களுடையதாக இருக்காது. இடையிடையே நின்று கையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு இறங்குங்கள்.

திரும்பி லேக்கு இறங்குவதா, அப்படியே நுப்ராவுக்குப் போவதா?

உடம்பு நன்றாக இருந்தால் நுப்ராவுக்கு. 15 கிலோமீட்டரில் நார்த் புல்லு, 32 கிலோமீட்டரில் கார்துங் கிராமம். அதற்குக் கீழே ஷயோக் ஆறு தென்படும்போது மலையின் நிறமே மாறியிருக்கும். திஸ்கித் தாண்டி ஹுண்டரில் நிஜமான மணல்மேடுகள், இரட்டைத் திமில் ஒட்டகங்கள். லேக்கும் இப்போது சீனாவில் இருக்கும் யார்க்கண்டுக்கும் இடையே வணிகம் நடந்த காலத்தில் சுமை தூக்கி வந்த ஒட்டகங்களின் வழித்தோன்றல்கள் அவை.

திரும்பி வரும் ஏற்றத்தையும் கணக்கில் வையுங்கள். நுப்ரா பக்கம் கீழே இருக்கும் கல்சர் கிராமத்திலிருந்து உச்சிக்கு 2,200 மீட்டர் ஏற வேண்டும், லே பக்கத்தைவிட அதிகம். ஒரே நாளில் முயலாமல் கார்துங் கிராமத்தில் வீட்டு விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா விடியும் முன்பே எழுந்து கம்பீர் என்கிற லடாக்கி ரொட்டி சுட்டு, வெண்ணெய்த் தேநீரோடு கொடுத்தார். மீதி ரொட்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டார். உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட்டோம்.